ஹைஃபெட்ஸின் கான்செர்ட்டோக்கள்: எங்கே தொடங்கலாம், எப்படிக் கேட்கலாம்

முதலில் ஒன்று. நூறு சிடிக்கு மேல் அடங்கிய அந்தப் பெரிய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். 2011-இல் வந்தது, வயலின் கலைஞர் யாஷா ஹைஃபெட்ஸ் பதிவு செய்தவற்றை ஏறக்குறைய மொத்தமாக அள்ளிப் போட்டது, பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். என் நண்பர் ஒருவர் வாங்கினார். சிங்கப்பூர் ஈசூனில் அவர் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே இன்னும் இருக்கிறது, பதினோராவது தட்டோடு கேட்பது நின்றுபோய் நாலு வருடம் ஆகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இலையில் போட்டால் எதையும் ருசிக்க முடியாது, அதே கதைதான்.

இந்தக் குறிப்பு யாருக்கென்றால், கச்சேரி ஓரளவு காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு. பிள்ளையை வயலின் வகுப்புக்குக் கூட்டிப்போய்விட்டு வெளியே நாற்காலியில் ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும்தான். நம் வயலின் வித்வான்கள் லால்குடியையும் எம்.எஸ்.ஜி.யையும் தெரியும், அந்தப் பக்கத்து மேற்கத்திய வயலினில் யாரைக் கேட்பது, எந்தப் பதிவு, எப்படிக் கேட்டால் பிடிபடும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஹைஃபெட்ஸைத்தான் சொல்வேன். அவரைவிட இதமாக வாசித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே கான்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட உருப்படி) இருபது வருட இடைவெளியில் இரண்டு தடவை, சிலதை மூன்று தடவை பதிவு செய்து வைத்துவிட்டுப் போனவர் அவர். கற்றுக்கொள்ள அதைவிட வசதி கிடையாது.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1901-இல் வில்னியஸ் நகரில் பிறந்தார், பீட்டர்ஸ்பர்க்கில் லியோபோல்ட் அவர் என்ற பெரிய ஆசிரியரிடம் படித்தார் (பெயரே 'அவர்'தான், தமிழில் எழுதும்போது குழப்பும், இனி அவரை ஆசிரியர் என்றே சொல்கிறேன்). 1917 அக்டோபர் 27 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தபோது வயது 16. அன்று அரங்கில் இருந்த வயலின் கலைஞர் மிஷா எல்மன் "இங்கே ரொம்பப் புழுக்கமாக இருக்கிறது, இல்லையா?" என்றாராம், பக்கத்திலிருந்த பியானோ கலைஞர் கொடாவ்ஸ்கி "பியானோ வாசிப்பவர்களுக்கு அப்படி ஒன்றுமில்லை" என்றாராம். பெர்னார்ட் ஷா எழுதிய கடிதமும் பிரபலம். இவ்வளவு குறையில்லாமல் வாசித்தால் கடவுளுக்கே பொறாமை வந்துவிடும், தினமும் படுக்கப்போகும் முன் எதையாவது மோசமாக வாசித்துவிட்டுப் படு என்பது அதன் சாரம். நம் வீடுகளில் குழந்தையின் கன்னத்தில் மையால் வைக்கிற திருஷ்டிப் பொட்டுதான், வேறென்ன. கடைசிக் கச்சேரி 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸில், 1987-இல் காலமானார்.

கேட்பதற்கு முன் காதில் ஒரு சின்ன மாற்றம் செய்துகொள்ள வேண்டும். நம் கச்சேரியில் வயலின் பெரும்பாலும் பாடகரின் நிழல், அவர் விட்ட இடத்தில் எடுத்துக்கொள்ளும். கான்செர்ட்டோவில் வயலின்தான் பாடகர், ஆர்கெஸ்ட்ரா முழுவதும் பக்கவாத்தியம், ஆனால் எண்பது பேர் கொண்ட, சமயத்தில் எதிர்த்துப் பேசும் பக்கவாத்தியம். பெரும்பாலும் மூன்று பகுதிகள்: முதலாவது நீளமானது, நடுவில் விளம்பம், கடைசி துரிதம். முதல் பகுதியில் எங்கேயாவது ஆர்கெஸ்ட்ரா சட்டென்று ஒதுங்கிக்கொள்ள, வயலின் மட்டும் தனியாக வாசிக்கும். அதற்குக் கேடென்ஸா என்று பெயர். தனி ஆவர்த்தனம் நினைவுக்கு வரும், ஆனால் இங்கே பெரும்பாலும் எழுதி வைத்ததைத்தான் வாசிப்பார்கள். மனோதர்மத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். சுதந்திரம் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குத்தான் வரப்போகிறேன்.

எதை வாங்குவது, எதைத் தேடுவது? நாலே நாலு தட்டு. ஆர்சிஏ நிறுவனம் 1950-களின் நடுவிலிருந்து எடுத்த ஸ்டீரியோ பதிவுகள் பிற்பாடு சிடியாக வந்தபோது, இசையமைப்பாளர்களின் பெயரால் சொன்னால், இந்த ஜோடிகளில் வந்தன: பேத்தோவனும் மெண்டல்சனும் ஒன்றில் (இரண்டும் ஷார்ல் மூன்ஷ் நடத்திய பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவுடன், 1955, 1959), பிராம்ஸும் சைகோவ்ஸ்கியும் இன்னொன்றில் (ஃப்ரிட்ஸ் ரைனர், சிகாகோ, 1955, 1957). சிபேலியஸ், புரோகோஃபியெவின் இரண்டாவது, கிளாசுனோவ் ஆகிய மூன்றும் சேர்ந்த தட்டு ஒன்று. ப்ரூக்கின் ஜி மைனர், அவருடைய ஸ்காட்டிஷ் ஃபேண்டஸி, வியூதாமின் ஐந்தாவது மூன்றும் மால்கம் சார்ஜண்டுடன் லண்டனில் எடுத்தவை, அது நாலாவது. இந்த நாலில் உலகத்தின் பெரிய வயலின் கான்செர்ட்டோக்களில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. ஒரு வருடத்துக்குத் தாராளமாகப் போதும்.

தட்டு வாங்கும் பழக்கமே போய்விட்டது என்கிறீர்களா, சரி, இணையத்தில் கேளுங்கள். ஆனால் தேடும் விதம் முக்கியம். 'ஹைஃபெட்ஸ் சைகோவ்ஸ்கி' என்று போட்டால் ஒரே பதிவு பத்து அட்டைப்படங்களில் வரும், வேறு வேறு பதிவுகள் ஒரே அட்டைப்படத்திலும் வரும். செயலியில் காட்டும் ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், அது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு, வாசித்த ஆண்டு இல்லை. 2005 என்று போட்டிருக்கும், உள்ளே 1937 இருக்கும். அதனால் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற நடத்துநரின் பெயரைச் சேர்த்துத் தேட வேண்டும். சைகோவ்ஸ்கிக்கு மூன்று: பார்பிரோலி என்றால் 1937, சஸ்கிண்ட் என்றால் 1950, ரைனர் என்றால் 1957. பேத்தோவனுக்கு டாஸ்கானினி என்றால் 1940, மூன்ஷ் என்றால் 1955. பிராம்ஸுக்கு கூசெவிட்ஸ்கி 1939, ரைனர் 1955. மெண்டல்சனுக்கு பீச்சம் 1949, மூன்ஷ் 1959. இதை எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்தது. நூலக அட்டை இருப்பவர்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்வளப் பக்கத்தில் இசைக்கு என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள், காசு மிச்சம்.

இன்னொரு விஷயம், செயலியின் அமைப்புகளுக்குள் போய் ஷஃபிளை அணையுங்கள், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஓட்டும் வசதியை இயக்குங்கள். மெண்டல்சன் தன் மூன்று பகுதிகளையும் ஒன்றோடொன்று ஒட்டி எழுதியிருக்கிறார். முதல் பகுதி ஆர்ப்பாட்டமாக முடிந்ததும் பஸூன் என்ற ஊதுகருவி ஒன்று மட்டும் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதிலிருந்துதான் இரண்டாவது பகுதி முளைக்கும். அந்த இடத்தில் செயலி இரண்டு விநாடி மௌனம் போட்டாலோ, நடுவில் ஒரு வீட்டுக்கடன் விளம்பரம் வந்தாலோ, போயிற்று.

எதிலிருந்து தொடங்குவது? மெண்டல்சனிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள்தான் அதிகம். நான் சிபேலியஸ் என்பேன். காரணம் நம் காதுதான். அதன் தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ராவின் வயலின்கள் ஒலியடக்கி போட்டுக்கொண்டு அடங்கின குரலில் இரண்டே சுரங்களில் சலசலத்துக்கொண்டிருக்கும், தம்புரா மீட்டிவிட்ட மாதிரி. சில விநாடிதான், ஹைஃபெட்ஸ் ஒரு நீண்ட சுரத்தோடு உள்ளே வந்துவிடுவார். ஆலாபனையின் முதல் கார்வை எப்படி உட்காருகிறது என்று கவனித்துப் பழகியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேத்தோவனில் அப்படியில்லை, டிம்பானி முரசில் மெல்லத் தட்டித் தொடங்கி ஆர்கெஸ்ட்ரா மூன்று நிமிடம்போல் பேசி முடித்த பிறகுதான் வயலினே வரும். அதுவரைக்கும் புதியவர் வாட்ஸ்அப் பார்க்கப் போய்விடுவார்.

சிபேலியஸ் தானே வயலின் வித்வானாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆக முடியாமல் போனவர். 1904-இல் முதல் அரங்கேற்றம், அது சரியாகப் போகாமல் திருத்தி எழுதி 1905-இல் மறுபடி. அதன் பிறகும் பல காலம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த கான்செர்ட்டோவை உலகத்தின் காதில் போட்டதில் ஹைஃபெட்ஸ் 1935-இல் தாமஸ் பீச்சமுடன் லண்டனில் எடுத்த பதிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது வேலை. 1935 பீச்சமையும் 1959 வால்டர் ஹெண்டலையும் (பழைய இசையமைப்பாளர் ஹேண்டல் இல்லை, சிகாகோவின் துணை நடத்துநர்) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்காதீர்கள். முதல் மூன்று நிமிடம் மட்டும் 1959-ஐக் கேளுங்கள், அப்புறம் அதே மூன்று நிமிடம் 1935-ஐ. மறுநாள் வரிசையை மாற்றிப் போடுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தாலே உங்களுக்கு யாரும் எழுதித் தராத விஷயங்கள் காதில் விழத் தொடங்கும்.

என்னவெல்லாம் விழும்? முதலில் வழுக்கல்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் தந்தியை விடாமல் வழுக்கிப் போவது. நாம் ஜாரு என்கிறோமே, அதுதான். மேற்கத்திய வயலினில் இன்று இதை ரொம்பக் குறைத்துவிட்டார்கள், சுரங்கள் தனித்தனியாகச் சுத்தமாக நிற்க வேண்டும் என்பது இப்போதைய வழக்கம். ஹைஃபெட்ஸ் காலத்தில் அப்படி இல்லை. அவருடைய வழுக்கலில் ஒரு விசேஷம் உண்டு: மேலே போய்ச் சேரவேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு நொடி தயங்கி, சட்டென்று ஏறி உட்காருவார். இளைய தலைமுறை வெள்ளைக்கார ரசிகர்கள் சிலருக்கு இது பழைய பாணி என்று முகச்சுளிப்பு. கமகத்தில் வளர்ந்த நமக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, அதுதான் உள்ளே நுழையும் வாசல். 1935-இல் இந்த வழுக்கல் கூடுதலாகவே இருப்பதாக எனக்குப் படுகிறது, நீங்களே ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து, ஆதார சுரத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் சுரத்தை அவர் கொஞ்சம் தூக்கியே வாசிப்பார், நம் காகலி நிஷாதம் ஸட்ஜத்தை இழுத்துக்கொண்டு நிற்பதுபோல. பியானோவின் கட்டைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. வயலினில் விரல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், அவர் விரல் எங்கே விழுகிறது என்பதில்தான் பாதி சூடு இருக்கிறது.

மூன்றாவது வில். வில்லை வேகமாக ஓட்டுவார், அழுத்தமும் விடமாட்டார், அதனால் ஒலி ஒரு மாதிரி எரிகிற ஒலி. இதற்குத் தந்திகளும் காரணம். நடு இரண்டு தந்திகள் வெறும் குடல் நரம்பு, தடித்த தந்தி வெள்ளி சுற்றிய குடல் நரம்பு, மெல்லிய தந்தி மட்டும் எஃகு. இன்றைய செயற்கை இழைத் தந்திகளின் வழவழப்பு அதில் வராது, கொஞ்சம் கரகரப்பும் மூச்சும் இருக்கும். (நம் ஊர் ஈரத்தில் குடல் தந்தி போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள், ஆசிரியை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.) ஹைஃபெட்ஸின் வயலின் 1742-இல் குவார்னேரி செய்தது. அது முன்பு ஃபெர்டினாண்ட் டேவிட் என்பவரிடம் இருந்தது. 1845-இல் மெண்டல்சன் கான்செர்ட்டோவை முதன்முதலில் வாசித்தவர் இந்த டேவிட்தான். அதனால் ஹைஃபெட்ஸின் மெண்டல்சனைக் கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புல்லரிக்கும்.

ஹைஃபெட்ஸ் என்றால் 'குளிர்ந்தவர், இயந்திரம்' என்று ஒரு புகார் எங்கே போனாலும் காதில் விழும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நானும் பல வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. என் கணக்கில் இந்தப் புகாருக்கு இரண்டு காரணம். ஒன்று அவர் முகம். படங்களில் பார்த்தால் தெரியும், கல்லில் செதுக்கினதுபோல் நிற்பார், சிரிப்பு, சாய்வு, கண் மூடல் ஒன்றும் கிடையாது. முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள், காணொளி பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது காரணம் ஒலிவாங்கி. ஸ்டீரியோ பதிவுகளில் வயலின் ரொம்பப் பக்கத்தில் இருக்கும், ஆர்கெஸ்ட்ரா பின்னால் தள்ளி நிற்கும். அரங்கில் யாரும் வயலினை அப்படிக் கேட்க முடியாது. ஒருவர் உங்கள் காதருகில் நின்று தெளிவாக, வேகமாக, தடுமாறாமல் பேசினால் அன்பாகப் பேசினாலும் கண்டிப்பாகத்தான் ஒலிக்கும். அதனால் இந்தத் தட்டுகளுக்கு நான் ஒலியளவை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து வைப்பேன். கூட்டி வைத்தால் மேல் தந்தி காதைக் குத்தும்.

வேகமும் சேர்த்தி. சிபேலியஸை 1959-இல் ஏறக்குறைய 27 நிமிடத்தில் முடித்துவிடுகிறார், மற்றவர்கள் பலருக்கு முப்பதைத் தாண்டும். பேத்தோவனை மூன்ஷுடன் 38 நிமிடம் வாக்கில், மற்றவர்களுக்கு 42, 45 கூட ஆகும். இந்த வேகம் எல்லா இடத்திலும் சரியா என்றால், இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். சிபேலியஸில் சரி, உறைந்த ஏரியின் மேல் சறுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியை டோவி என்ற விமர்சகர் துருவக் கரடிகளுக்கான பொலனேஸ் நடனம் என்றார், ஹைஃபெட்ஸிடம் அந்தக் கரடி மெலிந்து சிறுத்தையாகிவிடுகிறது. பேத்தோவனில் எனக்கு ஒப்பவில்லை. முதல் பகுதியில் நின்று பார்க்க வேண்டிய இடங்களைக் கடைசி ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல் கடந்துவிடுகிறார். 1940 டாஸ்கானினி பதிவும் விறுவிறுப்பானதுதான், வறண்ட ஒலி வேறு. பேத்தோவனுக்கு மட்டும் ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர் 1926-இல் பெர்லினில் லியோ ப்ளெக்குடன் எடுத்ததைத் தேடிப் போங்கள், இரைச்சல் அதிகம், மனசு அதைவிட அதிகம்.

சைகோவ்ஸ்கிக்கு ஒரு கதை தெரிந்திருந்தால் கேட்பது சுவாரசியமாகும். 1878-இல் எழுதி நம் ஆசிரியருக்குத்தான் (ஹைஃபெட்ஸின் குரு லியோபோல்ட் அவர்) முதலில் சமர்ப்பித்தார் சைகோவ்ஸ்கி, ஆசிரியர் வாசிக்க மறுத்துவிட்டார். கடைசியில் அடால்ஃப் பிராட்ஸ்கி 1881-இல் வியன்னாவில் வாசித்தார், அதை ஹான்ஸ்லிக் என்ற விமர்சகர் நாறுகிற இசை என்கிற அளவுக்குத் திட்டினார். பிற்பாடு ஆசிரியர் மனம் மாறி, அங்கங்கே வெட்டியும் மாற்றியும் தானே வாசித்து, மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஹைஃபெட்ஸ் அந்தப் பாடாந்தரக்காரர். அதனால் இப்போது மேடையில் கேட்பதற்கும் இவர் பதிவுக்கும் சில இடங்களில் வித்தியாசம் இருக்கும், கடைசிப் பகுதியில் 'அட, இந்த வரி எங்கே போயிற்று' என்று தோன்றினால் உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதியை எடுத்துக் கொடுத்து, எங்கெங்கே மாறுகிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். என் மகளுக்கு அந்தப் பள்ளி விடுமுறையில் இதைவிடப் பிடித்த விளையாட்டு இல்லை, குரு சொன்னதை மாற்றாமல் வாசிக்கும் பிடிவாதம் உலகத்தில் எல்லா ஊரிலும் உண்டு என்று அவளுக்குப் புரிந்ததில் எனக்கும் திருப்தி.

பிராம்ஸ், ரைனருடன்: வாங்குங்கள், கேளுங்கள், அதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலு தட்டும் பழகிய பிறகு இரண்டு விஷயம் கூடுதலாக. ஒன்று, பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோ. 1946-இல் இரண்டு வயலினையும் ஹைஃபெட்ஸே வாசித்துப் பதிவு செய்தார், முதலில் ஒன்றை எடுத்து, அதைக் கேட்டுக்கொண்டே மற்றதை வாசித்துச் சேர்த்தார்கள். இன்றைக்குத் திரையிசையில் ஒரே பாடகி தன் குரலுக்குத் தானே இணைக்குரல் பாடுவது சர்வசாதாரணம், அன்றைக்கு அது பெரிய வித்தை, சிலருக்கு அபசாரம். கேட்டுப் பாருங்கள், இரண்டு வயலினும் ஒருவரையொருவர் மதித்து வழிவிடவே மாட்டார்கள், இரண்டு பேருமே வெல்லத்தான் பார்ப்பார்கள். 1961-இல் தன் மாணவர் எரிக் ஃப்ரீட்மனுடன் மறுபடி எடுத்தார். அதில் மாணவர் குருவின் நடையையே அப்படியே பிடித்திருப்பது தெரியும்.

இரண்டாவது கார்ன்கோல்ட். ஹாலிவுட் திரையிசைக்காரர், தன் படங்களில் போட்ட மெட்டுகளையே எடுத்து கான்செர்ட்டோவாகக் கட்டினார். 1947-இல் செயின்ட் லூயிஸில் ஹைஃபெட்ஸ் அரங்கேற்றினார், 1953-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆல்ஃபிரட் வாலன்ஸ்டைனுடன் பதிவு. மோனோதான், ஆனால் அதைக் கேட்டதும் உங்களுக்குப் பரிச்சயமாக இருக்கும். இளையராஜாவின் இடையிசைகளில் வயலின்கள் கூட்டமாக எழும்பும்போது வயிற்றில் ஒன்று எழும்புமே, அது இங்கேயும் எழும்பும். வீட்டில் யாராவது 'இந்த இழுவையை நிறுத்து' என்று சொல்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு முதலில் இதைப் போடுங்கள்.

பழைய பதிவுகளின் இரைச்சலைப்பற்றி. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான், ஆகவே 1935 சிபேலியஸ் துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது, ஒட்டிய இடத்தில் பின்னணி இரைச்சல் மாறுவது கூர்ந்து கேட்டால் தெரியும். இரைச்சலே இல்லாத ஒரு பதிப்பு கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். இரைச்சலை வடிகட்டினவர் வயலினின் மேல் அதிர்வுகளையும் சேர்த்து வடிகட்டியிருப்பார், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். லேசாக எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம் இருக்கிற பதிப்பையே எடுங்கள், இரண்டு நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும், மின்விசிறிச் சத்தத்தை ஒதுக்குவதுபோல. அது இருக்கட்டும், முதல் சில வாரம் மின்விசிறியை அணைத்துவிட்டே கேளுங்கள். நம் வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னலுக்கு வெளியே சாலை, மேல்மாடியில் நாற்காலி இழுப்பு, கீழே கோப்பிக்கடைத் தட்டு முட்டு என்று ஏற்கெனவே பக்கவாத்தியம் நிறைய. ஞாயிறு காலை ஏழு மணி எனக்குத் தோதான நேரம். எம்ஆர்டி ரயிலில் கேட்காதீர்கள். சிபேலியஸின் தொடக்கம் சுரங்கத்துக்குள் சுத்தமாகக் காணாமல் போய்விடும், நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள், பிறகு டிரம்போன் வந்து காதைப் பிளக்கும்.

எல்பி எனும் பழைய இசைத்தட்டு ஆசை உள்ளவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடும்வரைக்கும் அங்கே மூன்று நாலு வெள்ளிக்கு ஆர்சிஏ தட்டுகள் கண்ணில் படும். நான் வாங்கின முதல் ஹைஃபெட்ஸ் அங்கேதான், வெயிலில் கிடந்து அப்பளம்போல் வளைந்திருந்தது. விற்றவர் "புத்தகத்தை மேல வச்சா நிமிந்துடும்" என்றார், நான் அகராதியை வைத்தேன், அகராதியும் வளைந்ததுதான் மிச்சம். இப்போது கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்துக்குள் பழைய தட்டுக் கடைகள் இருக்கின்றன, விலை வேறு மாதிரி. அட்டையில் எண் எல்எஸ்சி என்று தொடங்கினால் ஸ்டீரியோ, எல்எம் என்றால் மோனோ. கடைக்காரர் 'முதல் அச்சு' என்று சொல்லி மூன்று இலக்க விலை சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், அது சேகரிப்பவர்களின் விளையாட்டு, கேட்பவர்களுடையது அல்ல. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கீறலைவிட மோசம் பூஞ்சை. இந்த ஊர் ஈரத்துக்கு அட்டையின் உள்ளுறையில் புள்ளி புள்ளியாக வரும், தட்டுக்கும் தாவும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் உலர் பெட்டி ஒன்று இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் சமையலறைச் சுவரை ஒட்டாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டு அடுக்காதீர்கள். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஆல்கஹால் கலக்கும் பழக்கம் உண்டு, எல்பிக்குச் சரி, ஆனால் தாத்தா காலத்து 78 தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும். ஒருபோதும் வேண்டாம்.

ஹைஃபெட்ஸ் மட்டுமே கேட்டு ஊறிவிட்டால் மற்ற எல்லோரும் மந்தமாகத் தெரியும், அது ஒரு வியாதி, எனக்கு ஒரு வருடம் இருந்தது. மருந்து இன்னொரு வயலின் கலைஞர், டேவிட் ஓய்ஸ்ட்ராக். அவரும் 1959-இல்தான் ஃபிலடெல்ஃபியாவில் ஆர்மண்டியுடன் சிபேலியஸைப் பதிவு செய்தார். ஒரே ஆண்டு, ஒரே கான்செர்ட்டோ. ஹைஃபெட்ஸ் சறுக்கிக்கொண்டு போன ஏரியில் இவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிதானமாக நடப்பார், சுரம் ஒவ்வொன்றும் கனம். இரண்டில் எது சரி என்று மகள் கேட்டாள். பிலஹரி ராகத்தை எந்த வித்வான் பாடினது சரி என்று தாத்தாவைக் கேட்டுப் பார் என்றேன்.

அப்புறம் நேரில் ஒருமுறையாவது கேளுங்கள். சிங்கப்பூர் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா 1979-இலிருந்து இருக்கிறது, 2002 முதல் எஸ்பிளனேட் அரங்கில் வாசிக்கிறார்கள், வருட நிரலில் மெண்டல்சனோ சிபேலியஸோ சைகோவ்ஸ்கியோ ஒன்று எப்படியும் வந்துவிடும். நம் ஊர்ப் பெண் குளோயி சுவா 2018 மெனுஹின் வயலின் போட்டியின் இளையர் பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர், அவர் பெயர் நிரலில் இருந்தால் தவறவிடாதீர்கள். ஹைஃபெட்ஸ் பதிவுகளில் பழகின காதுக்கு முதல் ஐந்து நிமிடம் மேடை வயலின் சின்னதாக, தூரத்தில் கேட்கும். பதற வேண்டாம், வயலின் உண்மையில் அவ்வளவுதான் சத்தம், காது தானே கிட்டே போகும். பகுதிகளுக்கு நடுவில் யாரும் கைதட்ட மாட்டார்கள், சபாஷும் கிடையாது.

தாளமும் போடக் கூடாது. அப்பாவை ஒருமுறை, ஆர்கெஸ்ட்ரா இன்னும் விக்டோரியா அரங்கில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், மெண்டல்சன் கேட்கக் கூட்டிப் போயிருந்தேன். கடைசிப் பகுதி வந்ததும் தொடையில் ஆதி தாளம் ஆரம்பித்துவிட்டார், கச்சிதமாக உட்காரவும் செய்தது. பக்கத்து இருக்கை அம்மையார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்பா நிறுத்தவில்லை, நிகழ்ச்சித் தாளை எடுத்து மடியில் விரித்து, அதற்கு அடியில் கையை வைத்துத் தொடர்ந்தார்.